தராசும் முகக்கவசமும்



அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்கிறவர்களைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஒரு சூரா அருளப்பட்டிருக்கிறது. 83-ஆவது சூராவாகிய முதஃப்பிஃபீன் அது. மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் எல்லோரும் அதனை அறிவர். ஆகவே தராசு நமக்கு ஓர் அமானத்து. அதைப் பற்றி மறுமையில் கேள்வி உண்டு.

ஆனால் தராசில் ஏறாத ஒன்றும் நம் கடையில் நாள் முழுவதும் கைமாறிக் கொண்டிருக்கிறது. அதுதான் மூச்சு. சரக்கை நிறுத்துக் கொடுக்கிறோம். மூச்சை நிறுக்காமலே கொடுக்கிறோம், நிறுக்காமலே வாங்குகிறோம். அதனாலும் பிறருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக் கொள்ளும் பொறுப்பு வியாபாரிக்கு உண்டா? உண்டு என்பதே இந்தப் பாடம்.

1. நாம் கண்ட காலம்

சிங்கப்பூரில் கொவிட்-19 நோய் முதன்முதலாக 2020 ஜனவரி 23-இல் உறுதி செய்யப்பட்டது. மார்ச் 13 வெள்ளிக்கிழமை நம் பள்ளிவாசல்களில் ஜும்ஆ நடைபெறவில்லை. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்தது. அத்தியாவசியச் சரக்கு விற்கும் கடைகள் நீங்கலாகப் பெரும்பாலான கடைகள் அடைபட்டன. ஏப்ரல் 14 முதல் வெளியே வருவோர் முகக்கவசம் அணிவது கட்டாயமாயிற்று. முதல் தடவை தவறினால் அபராதம் 300 வெள்ளி. கேலாங் சிராய் முதலிய நான்கு சந்தைகளில் ஏப்ரல் 22 முதல், அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தே ஆளை உள்ளே விட்டார்கள்.

அவ்வாண்டு ரமலானில் தராவீஹை வீட்டிலேயே தொழுதோம். கேலாங் சிராய் நோன்புச் சந்தை போடப்படவில்லை. மே 24-இல் வந்த நோன்புப் பெருநாளும் வீட்டோடு முடிந்தது. ஜூன் 26-இல் ஜும்ஆ திரும்பியபோது ஒரு ஜமாஅத்துக்கு 50 பேர்தான்; தோளோடு தோள் சேர்ந்து நின்ற ஸஃப்பில் ஆளுக்கு ஆள் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நின்றோம்.

பின்னர் 2022 ஆகஸ்டு 29 முதல், கடைகளுக்குள் முகக்கவசம் அணியவேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. தரையில் ஒட்டிய கோடுகளையும் கிழித்தெறிந்து விட்டோம். சட்டம் நீங்கியதோடு நம் பொறுப்பும் நீங்கிவிட்டதா? இதுவே நாம் சிந்திக்கவேண்டிய கேள்வி.

2. முகக்கவசம் செய்யும் வேலை

இந்த நோய் பெரும்பாலும் மூச்சின் வழியாகவே பரவுகிறது. பேசும்போதும் இருமும்போதும் தும்மும்போதும் நம் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர்த்துளிகள் புறப்படுகின்றன. பெரிய துளிகள் அருகிலேயே விழுந்துவிடும்; மிக நுண்ணியவை காற்று ஓடாத அறையில் நெடுநேரம் மிதக்கும். முன்பக்கம் குறுகி உள்ளே நீண்டு, கதவைச் சாத்திக் குளிர்சாதனம் போட்ட நம் கடைவீடுகள் அதற்கு மிகவும் தோதான இடம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காய்ச்சல் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் பிறருக்கு நோயைக் கொடுத்துவிட முடியும். ஆகையால் "நமக்கு ஒன்றும் இல்லையே" என்ற சொல் நோய்க்காலத்தில் சாட்சியாகாது. முகக்கவசம் துளி புறப்படும் இடத்திலேயே அதைத் தடுக்கிறது. அணிந்தவருக்கும் ஓரளவு காப்பு அளிக்கிறது. மூக்கை வெளியே விட்டு வாயை மட்டும் மூடுவது, தராசின் ஒரு தட்டை மட்டும் துடைத்து வைப்பது போன்றதே.

இந்தப் பாடத்தை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் பினாங்கிலே 1879-இல் பிறந்தவர் டாக்டர் வூ லியன் டே. 1910-இன் கடைசியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசாங்கம் அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. அந்நோய் மூச்சின் வழியாக ஆளுக்கு ஆள் பரவுவதை அவர் கண்டறிந்தார். பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கிய முகக்கவசத்தை எல்லோரும் அணியச் செய்தார். நோயாளிகளோடு பழகியவர்களை இரயில் பெட்டிகளில் தனியே தங்க வைத்தார். முகக்கவசத்தை வேண்டாம் என்று தள்ளிய பிரெஞ்சு டாக்டர் ஒருவர் சில நாட்களில் அதே நோய்க்குப் பலியானார். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்டுபோன அந்தப் பிளேக் 1911-இல் அடங்கியது.

3. மார்க்கம் காட்டும் வழி

நாயகம் (ஸல்) அவர்கள் தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மூடி, சப்தத்தையும் தாழ்த்திக் கொள்வார்கள் என்று அபூதாவூது, திர்மிதீ ஆகிய ஹதீஸ் கிரந்தங்களில் வந்திருக்கிறது. பிறர் மீது நம் மூச்சு படாமல் காக்கும் ஒழுக்கம் நமக்குப் புதியதன்று.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவேண்டாம், இருக்கும் ஊரில் அது வந்தால் தப்பியோடி வெளியேறவேண்டாம் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. நோயுற்ற ஒட்டகங்களை நோயற்றவற்றோடு கலக்கவேண்டாம் என்றும் அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை.

ஹிஜ்ரி 18-இல் ஷாம் தேசத்தை அம்வாஸ் கொள்ளைநோய் பீடித்தது. அபூ உபைதா (ரலி), முஆது பின் ஜபல் (ரலி) போன்ற பெரும் ஸஹாபாக்கள் அதில் வஃபாத்தானார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்கள், மக்களைக் கூட்டமாய் இராமல் மலைகளுக்குப் பிரிந்து போகச் சொன்னார்கள். நோய் நீங்கியது. கலீபா உமர் (ரலி) அவர்கள் இச்செயலை வெறுக்கவில்லை என்று வரலாறு கூறுகிறது. இடைவெளி விட்டு நிற்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டுமா?

4. மூன்று ஐயங்களும் தெளிவும்

ஐயம்: அல்லாஹ் நாடியதே நடக்கும். முகக்கவசம் தவக்குலுக்கு மாறானது அல்லவா?

தெளிவு: இதே கேள்வி உமர் (ரலி) அவர்களிடமும் கேட்கப்பட்டது. ஷாமில் நோய் என்று கேள்விப்பட்டு, ஸர்கு என்ற இடத்திலிருந்தே அவர்கள் திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கில் செழிப்பான பக்கமும் வறண்ட பக்கமும் இருந்தால் ஒட்டகத்தை எதில் மேய்த்தாலும் விதிப்படிதானே என்று விளக்கவும் செய்தார்கள். கடையைப் பூட்டாமல் தவக்குல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை.

ஐயம்: கை கொடுக்காமல், தள்ளி நில்லுங்கள் என்றால் வாடிக்கைக்காரர் மனம் நோகாதா?

தெளிவு: தகீஃப் கோத்திரத்தார் பைஅத் செய்ய வந்தபோது அவர்களில் ஒருவருக்குக் குஷ்டநோய் இருந்தது. உம்முடைய பைஅத்தை ஏற்றுக் கொண்டோம், திரும்பிச் செல்லும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பியதாக முஸ்லிம் ஹதீஸ் கிரந்தத்தில் இருக்கிறது. கை தொடவில்லை, ஆனால் அம்மனிதருடைய மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. நாமும் அவ்வாறே செய்யலாம். ஸலாம் நாவினால் சொல்வது. கைலாகு இல்லாமலும் அது நிறைவேறும். "தள்ளிப் போ" என்று விரட்டுவதும், "அண்ணே, இந்தப் பக்கம் நில்லுங்கள், இதோ எடுத்து வருகிறோம்" என்று சொல்வதும் ஒன்றல்ல. முகக்கவசம் இல்லாமல் வருபவரைத் திட்டாமல், வாசலில் ஒரு பெட்டி வைத்து ஒன்றை எடுத்துக் கொடுங்கள். அதற்கு ஆகும் சில காசு ஸதக்காவாகும்.

ஐயம்: இப்படியெல்லாம் செய்தால் வியாபாரம் குறையுமே?

தெளிவு: குறையலாம். ஆனால் நோய் பரவினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 2003-இல் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைப் பிடித்து 33 பேரைக் கொன்றது. அவ்வாண்டு ஏப்ரலில், காய்கறி பழங்கள் வந்து இறங்கும் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையையே அடைக்க நேர்ந்தது. தனிக்கடையின் ஒருநாள் வரும்படி அதற்கு முன் எம்மாத்திரம்?

5. சிப்பந்தியின் ஹக்கு

இங்கே முதலாளிமார்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி உண்டு. காய்ச்சலோடு வரும் பையன் அதை மறைத்துக் கொண்டு கல்லாவில் ஏன் நிற்கிறான்? லீவு கேட்டால் சம்பளம் பிடிப்பார்கள், முகம் சுளிப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் நம் கடையில் இருக்கும்வரை வாசலில் எத்தனை பெட்டி முகக்கவசம் வைத்தாலும் பயன் இல்லை.

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி, மூன்று மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 5 நாளும், ஆறு மாதம் ஆனவருக்கு 14 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இது கருணை அன்று, அவனுடைய ஹக்கு. நம் கைக்குக் கீழ் உள்ளவர்கள் நம் சகோதரர்கள், அவர்கள் சக்திக்கு மேல் சுமத்தக்கூடாது என்பது நபிமொழியின் கருத்து. அவனை வீட்டில் படுக்க விடுவது அவனுக்கும் நன்மை. கடைக்கு வரும் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் நன்மை.

6. நாம் கைக்கொள்ள வேண்டியவை

ஒன்று: இருமலோ சளியோ உள்ளபோது, சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலாளி முதல் பையன் வரை முகக்கவசம் அணிந்தே கல்லாவில் அமரவேண்டும். காய்ச்சல் இருந்தால் கடைக்கே வரக்கூடாது.

இரண்டு: வாசல் கதவையும் பின்கதவையும் முடிந்த நேரமெல்லாம் திறந்து வைத்து, உள்ளிருக்கும் காற்று வெளியே போகும்படி விசிறியைத் திருப்பி வைக்க வேண்டும்.

மூன்று: பெருநாள், தீபாவளி கூட்டம் வரும் முன்பே, பணம் கொடுக்கும் வரிசையையும் சரக்கு பார்க்கும் இடத்தையும் பிரித்து வைக்க வேண்டும். ஐந்தடி நடையில் பெட்டிகளை அடுக்கி வழியை அடைக்கக்கூடாது.

நான்கு: கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் எப்போதும் இருக்கவேண்டும். ஐந்து வேளை ஒளு செய்யும் சமுதாயத்துக்கு இதனை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

ஐந்து: கொள்ளைநோய் மீண்டும் வந்து அரசாங்கம் கட்டளையிட்டால், முதல் நாளே, அபராதத்துக்குக் காத்திராமல் கீழ்ப்படிய வேண்டும்.

சகோதரர்களே! நிறுவையைப் பரிசோதிக்கும் அதிகாரி வராத நாளிலும் நம் தராசு சரியாகத்தான் இருக்கவேண்டும். அவர் வரும் நாளில் மட்டும் சரியாக இருக்கும் தராசுக்குச் சொந்தக்காரனை நாம் நாணயஸ்தன் என்று சொல்லமாட்டோம். முகக்கவசமும் அப்படியே. அபராதம் இருந்தபோது அணிந்தது சட்டத்துக்காக இருக்கலாம். அபராதம் இல்லாதபோது, இருமலுடன் இருக்கும் நாம் அதை எடுத்து அணிவது அல்லாஹ்வுக்காகவும் அடுத்த மனிதனுக்காகவும்.

நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் கடைக்கு வருவோர் அனைவருக்கும் ஆஃபியத்தையும் அல்லாஹுத்தஆலா அருள்வானாக. ஆமீன்.