ஈய எழுத்தும் நம் எழுத்தும்

கொல்லத்தில் 1578ஆம் ஆண்டு ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. அன்று தொடங்கி ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் தமிழ் அச்சு நூல்களில் பெரும்பாலானவை கையால் கோக்கப்பட்ட உலோக எழுத்துகளால் உருவானவை. ஆப்செட்டும் கணினியும் வந்தபின் பல அச்சகங்களில் அவ்வெழுத்துகள் பழைய ஈயமாக எடைக்குப் போயின. இன்று அதே தொழில் பல நாடுகளில் கைவினையாக மீண்டும் உயிர்பெற்று வருகிறது. அதில் தமிழின் பங்கு என்ன?

முதலில் வேலையின் முறையைப் பார்ப்போம். ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி ஆகியவை கலந்து வார்த்த எழுத்துகள் பெட்டியின் சிறு அறைகளில் இருக்கும். அச்சுக்கோப்பவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கையிலுள்ள ‘ஸ்டிக்’கில் அடுக்குவார். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். அச்சானபின் அவற்றைக் கலைத்து உரிய அறைகளில் திரும்பப் போட வேண்டும்.

இலக்கணத்தில் ‘கொ’ ஓர் எழுத்து. கோப்பவருக்கோ அது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். ஆனால் ‘கு’, ‘கூ’ முதலான உகர, ஊகார வரிசைகளில் 36 எழுத்துகளுக்கும் தனித்தனி வார்ப்பு தேவை. பழைய பெட்டிகளில் இன்னொரு வரலாறும் உண்டு. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன்பு வழங்கிய தும்பிக்கை போன்ற ‘ணை, லை, ளை, னை’ வடிவங்களும், கால் சேர்க்காத ‘ணா, றா, னா’ வடிவங்களும் அங்கே ஈயமாகவே கிடக்கும்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. மலாக்காவில் 1938இல் தொடங்கப்பட்ட ‘தி ராயல் பிரஸ்’ ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் எனப் பல மொழிகளில் அச்சிட்டது. அதனை வாழும் அருங்காட்சியகமாக்கும் முயற்சியில் நிறுவனரின் பேரன் இறங்கினார்.

ஆனால் எந்திரத்தைக் காப்பது மட்டும் மறுமலர்ச்சி ஆகாது. கலந்து கிடக்கும் எழுத்துகளில் ‘ஞு’ எது, ‘நு’ எது என்று பிரித்து அறையில் போடத் தமிழ் அறிந்த கைகள் வேண்டும். ஆங்கிலப் பெட்டியைக் கற்றுக்கொள்ள இளம் வடிவமைப்பாளர்கள் முன்வருகின்றனர். தமிழ்ப் பெட்டியை யார் கற்பார்?

நண்பர்களே, நம் ஊர்களில் அச்சுக்கோத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த அறையில் எந்த எழுத்து என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும். இந்த விடுமுறையில் ஒருவரையேனும் சந்தித்து, அந்தப் பெட்டியின் படத்தை வரைந்து வாங்குவோம். அவர்கள் கை மறப்பதற்குள் நம் கை கற்றுக்கொள்ளட்டும்.