புதிய தொலைக்காட்சியும் பழைய மஞ்சள் கம்பியும்

புதிய தொலைக்காட்சி ஒன்று வீட்டிற்கு வரும் நாளில் எல்லாருடைய கண்களும் அதன் முன்பக்கத்தில்தான் இருக்கும். எத்தனை அங்குலம், எவ்வளவு மெல்லியது, சுவரில் மாட்டுவதா, மேசையில் வைப்பதா என்று பேச்சு நடக்கும். பின்பக்கத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பழைய பெட்டியிலிருந்து கழற்றிய கம்பிகளை, புதியதில் எங்கே பொருந்துகின்றனவோ அங்கே செருகுகிறோம். படம் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய தொலைக்காட்சியில், இருபது ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே மங்கலான படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. புதுப் பெட்டி ஆயிற்றே, நன்றாகத்தான் இருக்கும் என்று கண்ணும் மனமும் ஏற்றுக்கொண்டுவிடுகின்றன.

இதைப் புரிந்துகொள்ள, தெளிவுத்திறன் என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம். திரையின் மிக அருகே சென்று உற்றுப் பார்த்தால், படம் முழுவதும் மிகச் சிறிய புள்ளிகளால் ஆனது என்பது தெரியும். இவையே படப்புள்ளிகள். ஒரு படத்தில் அகலவாக்கில் எத்தனை புள்ளிகள், உயரவாக்கில் எத்தனை புள்ளிகள் என்பதே அதன் தெளிவுத்திறன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் முன்பு இருந்த ஒளிபரப்பு முறையில், படம் 576 கிடைக்கோடுகளால் ஆனது. அதை மின்னிலக்க வடிவில் எழுதினால் 720 × 576, அதாவது 414,720 புள்ளிகள். முழு உயர்தெளிவுப் படத்தில் 1920 × 1080, அதாவது 2,073,600 புள்ளிகள் உள்ளன. 4கே எனப்படும் மீவுயர் தெளிவுப் படத்திலோ 3840 × 2160 என்ற கணக்கில் 8,294,400 புள்ளிகள். பழைய படத்தில் ஒரு புள்ளி இருந்த இடத்தில் 4கே படத்தில் 20 புள்ளிகள் இருக்கின்றன.

இங்கே ஒரு சிறு குழப்பம் உண்டு. 1080 என்ற எண் படத்தின் உயரத்தைக் குறிக்கிறது. 4கே என்பதோ ஏறத்தாழ நாலாயிரம் புள்ளிகள் கொண்ட அகலத்தைக் குறிக்கிறது. ஒன்றை உயரத்தாலும் மற்றொன்றை அகலத்தாலும் அழைக்கும் இந்த வழக்கம், வாங்க வருபவரைத் திணறடிப்பதற்கென்றே ஏற்பட்டது போலத் தோன்றும். 1080ஐ அடுத்து வரும் எழுத்துக்கும் பொருள் உண்டு. '1080பி' என்றால், ஒவ்வொரு முறையும் எல்லாக் கோடுகளும் ஒன்றாக வரையப்படுகின்றன. '1080ஐ' என்றால், ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறையும் இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த முறையும் மாறிமாறி அனுப்பப்படுகின்றன. செய்தி வாசிப்பைப் பார்க்கும்போது வேறுபாடு தெரியாது. பந்து விரைந்தோடும் விளையாட்டுகளில் சிலருக்குத் தெரியலாம்.

திரையில் எட்டு மில்லியன் புள்ளிகள் இருப்பதால் மட்டும் எட்டு மில்லியன் புள்ளிகள் கொண்ட படம் நமக்குக் கிடைத்துவிடுவதில்லை. படம் எடுக்கப்பட்ட முறை, அதை அனுப்பும் ஒளிவழி, வாங்கித் தரும் பெட்டி, பெட்டியையும் தொலைக்காட்சியையும் இணைக்கும் கம்பி, தொலைக்காட்சியின் அமைப்புகள் ஆகிய அனைத்தையும் தாண்டித்தான் படம் நம் கண்ணை எட்டுகிறது. இவற்றுள் எது மிகவும் குறைந்த தெளிவு கொண்டதோ, அதன் அளவுதான் நமக்குக் கிடைக்கும். பெரிய குடத்தை வைத்துக்கொண்டு சிறிய குழாயைத் திறந்தால், தண்ணீர் குழாயின் அளவுக்குத்தானே வரும்?

இனி, தொலைக்காட்சியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போம். அங்கே உள்ள துளைகளை உள்ளீடுகள் என்கிறோம். வட்டமான, நடுவில் ஊசித்துளை உள்ள இணைப்பு ஆன்டெனாவுக்கு உரியது. சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பழைய அலைமுறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. மலேசியாவிலும் அதே ஆண்டில் அந்த மாற்றம் நிறைவுபெற்றது. இப்போது வசந்தம் உள்ளிட்ட இலவச ஒளிவழிகள் சிங்கப்பூரில் 'டிவிபி-டி2' என்னும் மின்னிலக்க முறையில் வருகின்றன. அந்த முறையை ஏற்கும் தொலைக்காட்சியாக இருந்தால், ஒரு சிறிய ஆன்டெனாவை நேரே இணைத்தாலே போதும். தனிப் பெட்டி தேவையில்லை. வீட்டில் தேவையில்லாமல் ஒரு பெட்டி மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கிறதா என்று இதைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறங்களில் மூன்று வட்டத் துளைகள். தலைமுறைகளாக நம் வீடுகளில் புழங்கியவை இவைதாம். வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு உரியவை. படம் முழுவதும் மஞ்சள் கம்பி ஒன்றிலேயே வருகிறது. வெளிச்சம் பற்றிய தகவலையும் வண்ணம் பற்றிய தகவலையும் ஒன்றாகக் கலந்து அந்த ஒற்றைக் கம்பி சுமந்து வருகிறது. வந்து சேர்ந்த பிறகு தொலைக்காட்சி அவற்றைப் பிரித்தெடுக்க முயல்கிறது. அந்த முயற்சி முழுமையாக வெற்றி பெறுவதில்லை. கட்டம் போட்ட சட்டையோ, நெருக்கமான கோடுகள் கொண்ட புடவைக் கரையோ திரையில் வரும்போது, அங்கே இல்லாத நிறங்கள் நெளிவதைக் கண்டிருப்பீர்கள். இந்தக் கலப்பின் விளைவுதான் அது. மேலும், மஞ்சள் கம்பியால் 576 கோடுகளுக்கு மேல் கொண்டுவர இயலாது. எதிர்முனையில் இருக்கும் பெட்டி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதுவே நிலை. 4கே தொலைக்காட்சியில் இந்தக் கம்பியைச் செருகினால், 20 புள்ளிகளில் 19ஐத் தொலைக்காட்சியே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கும். இன்றைய தொலைக்காட்சிகள் அந்த ஊகத்தைத் திறமையாகச் செய்கின்றன என்றாலும், வராத தகவலை அவற்றால் உருவாக்கித் தர முடியாது.

சில தொலைக்காட்சிகளில் பச்சை, நீலம், சிவப்பு என மற்றொரு மூன்று துளைகளும் இருக்கும். இவை மூன்றுமே படத்துக்கு உரியவை, உயர்தெளிவைச் சுமக்கக்கூடியவை. ஒலிக்கு ஒரு சிவப்பு, படத்துக்கு ஒரு சிவப்பு என்று இரண்டு சிவப்புகள் அருகருகே இருப்பதால், இடம் மாற்றிச் செருகிவிட்டு, "நிறம் சரியாக வரவில்லையே" என்று தவிப்பவர்கள் உண்டு. இப்போது இவ்விணைப்பு அரிதாகிவிட்டதால், இதை இத்துடன் விட்டுவிடலாம்.

இன்று நமக்கு மிகவும் பயன்படுவது எச்டிஎம்ஐ. தட்டையாக, கீழ்ப்புறம் சற்றுக் குறுகி, 19 ஊசிகள் கொண்ட இணைப்பு இது. இதன் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளியானது. படம், ஒலி இரண்டையும் மின்னிலக்க வடிவிலேயே ஒரே கம்பியில் கொண்டுவருகிறது. தொடக்கத்தில் முழு உயர்தெளிவைச் சுமந்தது. 2013இல் வந்த 2.0 பதிப்பு, 4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்பும் ஆற்றலைப் பெற்றது. ஒரே தொலைக்காட்சியில் உள்ள எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் ஒரே திறன் கொண்டவை என்று நினைத்துவிடக் கூடாது. சில மாதிரிகளில் ஒன்றோ இரண்டோ மட்டுமே முழுத் திறனுடையவை. துளையின் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கைவிளக்கு வைத்தாவது படித்துப் பார்க்க வேண்டும்.

கம்பியின் விலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தங்கமுலாம் பூசியது, படம் பளிச்சென்று தெரியும் என்று சொல்லி, பத்து வெள்ளிக் கம்பிக்குப் பதிலாக நூறு வெள்ளிக் கம்பியை விற்பவர்கள் இருக்கிறார்கள். மின்னிலக்கத் தகவல் என்பது பூஜ்யமும் ஒன்றும்தான். அவை சரியாக வந்து சேர்ந்தால், இரு கம்பிகளும் தருவது ஒரே படம். சரியாக வரவில்லை என்றால், திரையில் வெண்புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு மறையும், அல்லது வரவே வராது. நீளம் மிகுதியாக இருக்கும்போதும் அதிகத் திறன் தேவைப்படும்போதும் தரமான கம்பி அவசியம். இரண்டு மீட்டர் தூரத்திற்கு அவ்வளவு செலவு வீண்.

கம்பியை மாற்றிய பின்னரும் படம் மங்கலாகவே இருந்தால், பெட்டியின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். உயர்தெளிவுப் பெட்டியாக இருந்தும், அதன் வெளியீடு 576 என்ற அளவிலேயே விடப்பட்டிருக்கலாம். 1080 அல்லது அதற்கு மேல் மாற்றிவிட்டால், வேறுபாடு அப்போதே தெரியும். ரிமோட்டில் உள்ள தகவல் பொத்தானை அழுத்தினால், எத்தனை கோடுகள் வருகின்றன என்பதைப் பல தொலைக்காட்சிகள் திரையின் மூலையில் காட்டிவிடும். திரை வடிவத்தையும் பார்க்க வேண்டும். பழைய நிகழ்ச்சிகள் 4:3 வடிவில் எடுக்கப்பட்டவை. இன்றைய திரை 16:9. திரையை நிரப்ப வேண்டும் என்று படத்தை இழுத்துவிட்டால், முகங்கள் எல்லாம் அகன்று, கதாநாயகி திடீரென்று பருத்துவிடுகிறார். பல வீடுகளில் தாத்தா பாட்டிமார் இதைக் குறையாகச் சொல்லாமலேயே ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சில தொலைக்காட்சிகள் படத்தின் நான்கு ஓரங்களையும் சிறிதளவு வெட்டிவிட்டு, மீதியைப் பெரிதாக்கிக் காட்டும். செய்தியின் கீழே ஓடும் எழுத்துகள் பாதி மறைந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். படத்தை வெட்டாமல் உள்ளபடியே காட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

4கே வாங்கலாமா, முழு உயர்தெளிவே போதுமா என்ற கேள்விக்கு, கடைக்காரரைவிட நம் வீட்டுச் சோபா நன்றாகப் பதில் சொல்லும். 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். அதில் 1920 புள்ளிகள் என்றால், ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.63 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறியும். அதன்படி கணக்கிட்டால், சுமார் 2.2 மீட்டருக்கு அப்பால் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து பார்ப்பவருக்கு, முழு உயர்தெளிவுக்கும் 4கேவுக்கும் உள்ள வேறுபாடு அரிதாகவே தெரியும். ஆனால் அதே இடத்திலிருந்து, 576 கோடுகள் கொண்ட படத்தின் மங்கல் நன்றாகவே தெரியும். எனவே மஞ்சள் கம்பியை மாற்றுவதால் கிடைக்கும் பயன், 4கேவுக்குத் தாவுவதால் கிடைக்கும் பயனைவிடப் பெரிது. அதற்கான செலவும் மிகக் குறைவு.

படம் எதில் எடுக்கப்பட்டது என்பதும் வியப்பூட்டும் செய்தி. 1964இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படம், மின்னிலக்க முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. திரைப்படச் சுருளில் நுட்பமான விவரங்கள் ஏராளமாகப் பதிந்திருப்பதால், இன்றைய கருவிகளால் அவற்றை வெளிக்கொணர முடிகிறது. அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின், 1990களில் வீடியோ நாடாவில் எடுக்கப்பட்ட தொலைக்காட்சி நாடகங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவை பிறந்ததே 576 கோடுகளுக்குள். தாத்தா காலத்துப் படம் கூர்மையாகவும் அப்பா காலத்து நாடகம் மங்கலாகவும் தெரிவதைக் கண்டு, தொலைக்காட்சியில் பழுது என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வரும்போது, மஞ்சள் கம்பியைக் குப்பையில் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அலமாரியின் மேல்தட்டில், அம்மா அப்பாவின் திருமணமோ, இப்போது உயிரோடு இல்லாத பாட்டியின் குரலோ பதிவான வீடியோ நாடா ஒன்று இருக்கக்கூடும். அதை ஓட்டும் கருவியிலிருந்து படம் வெளிவரும் வழி அந்த மஞ்சள் கம்பிதான். அத்தகைய கருவிகளைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் மஞ்சள் துளையே இல்லை. நாடாவின் காந்தப் பூச்சும் ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டு வருகிறது. மஞ்சள் இணைப்பை யுஎஸ்பி வழியாகக் கணினிக்குக் கொண்டுசெல்லும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. நாடா இன்னும் ஓடும் நிலையில் இருக்கும்போதே, அதிலுள்ள காட்சிகளை 4:3 வடிவம் மாறாமல் கணினியில் பதிந்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். படம் மங்கலாகத்தான் இருக்கும். அந்த ஒரு படத்தில் மட்டும் யாரும் புள்ளிகளை எண்ணப் போவதில்லை.