ஃபைபர் மோடம் மாற்றும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்



பருப்பு மூட்டை வாங்கும்போது நாம் குத்தூசி போட்டு ஒரு கை எடுத்து, ஈரம், வண்டு, தூசு எல்லாம் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். ஆனால் கடையில் இணையம் நின்றுவிட்டால், அந்த நிதானம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. கண்ணில் பட்ட கடையில் ஒரு மோடத்தை வாங்கி வந்துவிடுகிறோம். அடியேனும் அப்படித்தான் செய்தேன். அந்த அனுபவத்திலிருந்து கற்றதை உறுப்பினர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருந்துறையில் நம்மில் பலருக்குக் கடை கீழே, வீடு மேலே. வீட்டுக்கென்று எடுத்த ஃபைபர் இணைப்பில்தான் கடையின் பில், இ-வே பில், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் ஓடுகின்றன. ஆகவே இது வீட்டு விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நடந்தது என்ன?

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம், 18ஆம் தேதி மாலை மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. அத்துடன் மோடத்தில் ஒரு லைட்கூட எரியவில்லை. 20ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன் போட வேண்டும். லைன்மேன் தம்பிக்குப் போன் செய்தால், மழையில் பல இடங்களில் ஒயர் அறுந்து கிடக்கிறது, இரண்டு நாள் ஆகும் என்றார். மறுநாள் காலை ஈரோடு போய் ஒரு கடையில் 1,600 ரூபாய் கொடுத்துப் புது மோடம் வாங்கினேன். "எல்லா லைனுக்கும் வருங்கண்ணா" என்று கடைக்காரர் சொன்னார். வீட்டில் மாட்டினேன். லைட் எரிந்தது; இணையம் வரவில்லை.

செல்போன் இணையத்தையே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்த கணக்குப் பையன் ஊருக்குப் போயிருந்தான். 20ஆம் தேதி கடந்துவிட்டது.

21ஆம் தேதி காலை லைன்மேன் வந்தார். புது மோடத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது இ-பான் பொட்டிங்க அய்யா. உங்க லைன் ஜி-பான். ஒத்துக்காதுங்க" என்றார். பிறகு பழைய மோடத்தின் அடாப்டரைக் கையில் எடுத்தார். புது அடாப்டரின் வோல்ட்டையும் ஆம்பியரையும் அதனோடு ஒப்பிட்டார். புது அடாப்டரைப் பழைய மோடத்தில் செருகினார். அத்தனை லைட்டும் எரிந்தன. கெட்டுப்போனது அடாப்டர் மட்டுமே! பிரித்த சாமான் என்று ஈரோட்டுக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. ரிட்டர்னுக்கு ஒரு நாள் தாமதக் கட்டணம் 50 ரூபாயும், வரிக்கு ஒரு நாள் வட்டியும் கட்டினேன். தொகை சிறிதுதான். ஆனால் அதுவரை தேதி தவறாத கடை என்ற பெயர் அன்று போயிற்று.

முதலில் பழுது எங்கே என்று பாருங்கள்

லைட் எதுவுமே எரியாவிட்டால் முதல் சந்தேகம் அடாப்டர் மீதுதான். மாற்று அடாப்டரில் வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும் (பெரும்பாலும் 12 வோல்ட்). ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக்கூடாது.

'லாஸ்' என்ற சிவப்பு லைட் எரிந்தால், ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். ஒயர் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். மோடம் மாற்றிப் பயனில்லை. 'பான்' லைட் நிலையாக எரிந்தும் இணையம் வராவிட்டால், கம்பெனிப் பக்கப் பதிவு, பயனர் பெயர், பாக்கித் தொகை ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒளியின் பலத்தை லைன்மேன் ஒரு மீட்டரில் அளப்பார். மைனஸ் கணக்கில் வரும். ஜி-பான் லைனில் பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை செல்லும். எண் கூடக் கூட ஒளி மங்கல். 3 கூடினால் பாதியாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மைனஸ் 21இல் இருந்த லைன் மைனஸ் 24 ஆனால் வரும் ஒளி பாதிதான். நல்ல நாளில் உங்கள் லைனின் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். பழுது நாளில் ஒப்பிடலாம். ஒயர் முனையைக் கழற்றிக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

ஒரு பெட்டி, இரண்டு வேலை

நாம் மோடம் என்று சொல்லும் பெட்டி இரண்டு வேலைகள் செய்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை இணையமாக மாற்றுவது ஒன்று, இதற்கு ஓ.என்.டி. என்று பெயர். அந்த இணையத்தை வைஃபை வழியாகப் பிரித்துக் கொடுப்பது மற்றொன்று. இது ரவுட்டர் வேலை.

குடோனில் வைஃபை எட்டவில்லை, மாடியில் மெதுவாக வருகிறது என்பதுதான் குறை என்றால், ஓ.என்.டி.யைத் தொட வேண்டாம். தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி, பழைய பெட்டியின் லேன் துளையிலிருந்து ஒயர் கொடுத்தால் போதும். எந்தக் கம்பெனி இணைப்பானாலும் பெரும்பாலும் இது ஒத்துவரும். ஜியோ, ஏர்டெல் போன்றவை தங்கள் பெட்டியையே கொடுக்கின்றன. பதிவும் அவர்கள் கையில். அந்த வாடிக்கையாளர்களுக்கு இதுவே சிக்கலில்லாத வழி.

ஓ.என்.டி.யையே மாற்றுவதானால் கேட்க வேண்டியவை

பி.எஸ்.என்.எல். ஃபைபரில் வாடிக்கையாளர் சொந்தப் பெட்டி வாங்கி வைத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் பல ஊர்களில் அந்த இணைப்பை உள்ளூர்ப் பங்குதாரர்களே இழுத்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் கருவியைப் பொறுத்துப் பெட்டியும் மாறும். பக்கத்துக் கடையில் ஓடுகிறது என்பதால் நமக்கும் ஓடும் என்று நினைக்கக்கூடாது. பணம் கொடுக்கும் முன் லைன் கொடுத்தவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. லைன் ஜி-பானா, இ-பானா? ஜி-பான் வரும் வேகம் விநாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட், போகும் வேகம் 1.25 கிகாபிட். இ-பானில் இரு பக்கமும் 1.25. இரண்டும் வெவ்வேறு முறைகள். ஒன்றுக்குச் செய்த பெட்டி மற்றொன்றில் ஓடாது. எக்ஸ்-பான் என்று போட்டிருப்பவை இரண்டுக்கும் செய்யப்பட்டவை.

2. எந்தக் கம்பெனிப் பெட்டிகள் உங்கள் கருவியோடு ஒத்துப்போகின்றன? முறை ஒன்றானாலும் சில பெட்டிகள் முரண்டு பிடிக்கும்.

3. புதுப் பெட்டியின் எண்ணை யார் பதிவு செய்வார்கள், எத்தனை நாளில்? ஜி-பானில் சீரியல் எண்ணும், இ-பானில் மேக் எண்ணும் பதிவாக வேண்டும். பதிவாகாத பெட்டி, பூட்டுக்குச் சேராத சாவிதான்.

4. பயனர் பெயர், கடவுச்சொல், வி-லேன் எண் என்ன? டைரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

5. லேண்ட்லைன் போன் உண்டா? உண்டென்றால் போன் துளை உள்ள பெட்டியே வேண்டும். ஆர்டர் வரும் பழைய நம்பர் நின்றுபோனால் நஷ்டம் நமக்கு.

பெட்டியில் பார்க்க வேண்டியவை

லேன் துளை 100 மெகாபிட்டா, கிகாபிட்டா என்று பாருங்கள். 150 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு 100 மெகாபிட் துளையில் கம்ப்யூட்டரைச் செருகினால், மீதி வேகம் வந்து சேராது.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், தூரம் குறைவு. இரண்டும் உள்ளதாக வாங்குங்கள். பில் போடும் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒயரே நல்லது.

ஃபைபர் முனை பச்சையா, நீலமா என்பதையும் கவனியுங்கள். பச்சை முனை சாய்வாகத் தேய்க்கப்பட்டது. அதை நீலத் துளையில் செருகினால் ஒளி விரயமாகும், முனையும் கெடலாம். அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சொந்தப் பெட்டி, சொந்தப் பொறுப்பு

ஜெர்மனியில் 2016 ஆகஸ்டு 1 முதல், வாடிக்கையாளர் தமக்குப் பிடித்த பெட்டியை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே வந்தது. அதே வருடம் நவம்பரில் அதே நாட்டில், வெளியிலிருந்து ரவுட்டர்களைக் குறிவைத்து நடந்த தாக்குதலில் டாய்ச்சு டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்புத் தடைப்பட்டது. பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளின் ஓட்டையை அடைக்க, தயாரிப்பாளர் அவ்வப்போது திருத்தம் வெளியிட வேண்டும். பேர் தெரியாத மலிவுப் பெட்டிக்கு அதை யார் செய்வார்கள்? ஆகவே திருத்தம் கொடுக்கும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டிய அன்றே பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். கடைக்கு வருபவர்கள் வைஃபை கேட்டால் விருந்தினர் வைஃபை தனியாகக் கொடுங்கள். கணக்குக் கம்ப்யூட்டர் இருக்கும் வைஃபையைக் கொடுக்காதீர்கள்.

வாங்கும்போது கடையின் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள். வாரண்டிக்கு உதவும். தொழிலுக்குப் பயன்படும் அளவுக்கு உள்ளீட்டு வரி எடுப்பது பற்றி உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளலாம். "லைனுக்குச் சேராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

இப்போது என் கடைக் கல்லாவில் ஓர் உபரி அடாப்டர் இருக்கிறது. செல்போன் இணையத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க நானும் கற்றுக்கொண்டேன். ரிட்டர்னை 18ஆம் தேதிக்குள் முடித்துவிடுகிறோம். அந்த 1,600 ரூபாய்ப் பெட்டி பரணில் கிடக்கிறது. இ-பான் லைன் உள்ள உறுப்பினர் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம், விலை வேண்டாம். அடாப்டர் மட்டும் தர இயலாது.