திராட்சைத் தோட்டமும் தேயிலைத் தோட்டமும்

(வாசிக்க வேண்டிய பகுதி: மத்தேயு 20:1-16)

திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை ஞாயிறு திருப்பலியில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் 25ஆம் ஞாயிறன்று வாசிக்கப்படுகிறது. அந்த ஞாயிறு நெருங்கும்போதெல்லாம் நாம் பழைய மறையுரைக் குறிப்பேட்டைத் தேடி எடுப்பது வழக்கம். அம்பிட்டிய குருமடத்தில் படித்த காலத்தில் எழுதிய குறிப்பு அது. தோட்ட உரிமையாளர் கடவுள், தோட்டம் இறையரசு, விடியலில் வந்தவர் யூதர், மாலையில் வந்தவர் பிற இனத்தார், ஒரு தெனாரியம் நிலைவாழ்வு. பெரிய கிரகோரியார் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஆள் பிடிக்கப்பட்ட ஐந்து வேளைகளையும் ஆதாம் முதல் உலக முடிவு வரையுள்ள ஐந்து காலங்களாகப் பிரித்துக் காட்டினார். இவை எவையும் பிழையான விளக்கங்கள் அல்ல. ஆனால் பிழையில்லாத விளக்கமும் கேட்பவருக்கு உதவாமல் போவதுண்டு. லயத்துக் காம்பராவில் விடிகாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறும் தாயிடம் ‘தெனாரியம் என்றால் நிலைவாழ்வு’ என்று சொன்னால் அவர் தலையாட்டுவார். பூசை முடிந்து வீட்டுக்குப் போவார். அவ்வளவுதான்.

2023 செப்டம்பரில் நாம் குறிப்பேட்டை எடுக்கவில்லை. அந்த ஞாயிறுக்கு முந்திய வாரம், கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டைப் பக்கத்து மலைத் தோட்டமொன்றில், லயத்து வாசலில் பதினைந்து பேரளவில் கூடினோம். பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்கள். பாடசாலைப் பிள்ளை ஒன்று பகுதியை இரண்டு தடவை நிதானமாக வாசித்தது. இதன் பொருள் என்ன என்று நாம் கேட்கவில்லை. இதில் வருபவர்களை உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டோம். குழுத்தலைவர்களாகப் பணியாற்றும் வாசகர்களுக்கு இந்த ஒரு கேள்வியைப் பரிந்துரைக்கிறோம். முதல் அரைமணி நேரத்துக்கு விளக்கம் எதுவும் கொடுக்க வேண்டாம். அது குருக்களாகிய எமக்குச் சிரமமான காரியந்தான்.

தெரியும் என்றார்கள். ஆள் பிடித்த சந்தைவெளியைப் பிரட்டுக்களம் என்றார்கள். கூலி கொடுத்த மேற்பார்வையாளர் கணக்குப்பிள்ளையானார். ஒரு தாய் மட்டும் ஓர் ஐயத்தை எழுப்பினார். கணக்குப்பிள்ளை ஒருவர் இருக்கும்போது, ஆள் பிடிக்க முதலாளி எதற்காகத் தானே ஐந்து தடவை நடந்து போனார்? நாம் படித்த விளக்கவுரைகளில் இந்தக் கேள்வியைச் சந்தித்ததாக நினைவில்லை. வசனங்களைத் திரும்பப் பார்த்தோம். மேற்பார்வையாளர் எட்டாம் வசனத்தில்தான், கூலி கொடுக்கும் நேரத்தில் வருகிறார். சும்மா நிற்பவர்களைப் போய்ப் பார்த்தது முழுவதும் உரிமையாளரின் கண்தான்.

மாலை ஐந்து மணிக்கும் நின்றுகொண்டிருந்தவர்கள் யார்? சோம்பேறிகள் என்று சொல்லும் மறையுரைகளை நாமே கேட்டிருக்கிறோம். உவமை அப்படிச் சொல்லவில்லை. எங்களை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்பதே அவர்கள் கொடுக்கும் பதில். அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால் பிந்திப்போய்ப் பிரட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள், தோட்டத்தில் பேர் பதியப்படாத இளைஞர்கள், வயதாகிவிட்டது என்று நிறுத்தப்பட்டவர்கள் எல்லாரும் அவர்கள் நடுவில் இருந்தார்கள். கண்டி நகரத்துக்குப் போய் மூட்டை தூக்கும் ஒருவர் சொன்னார்: “வேல செய்றவனுக்கு நேரம் போயிரும் சாமி. நிக்கிறவனுக்குத்தான் நேரம் போகாது.”

அடுத்தது தெனாரியம். இயேசுவின் காலத்தில் அது ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். அன்றன்று கொடுக்கப்பட்டு, அன்றன்றே வீட்டில் மாவாகவும் எண்ணெயாகவும் மாறிவிடும் காசு. பொழுது சாய்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டம் 24:15 கட்டளையிடுவதற்குக் காரணமும் அதுவே. ஐந்து மணிக்கு வந்தவர் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரமே வேலை செய்தார். கணக்குப்படி கொடுத்திருந்தால் அவர் கையில் பன்னிரண்டில் ஒரு பங்கு தெனாரியம் இருந்திருக்கும். அதை வைத்து அன்றிரவு எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது.

இந்த இடத்தில் பேச்சு அரைப்பேருக்குத் திரும்பியது. நகர வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: தோட்டத்தில் குறிக்கப்பட்ட கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர் விழும். 18 கிலோ, 20 கிலோ என்று அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். மழை, வெயில், கொழுந்து இல்லாத காலம், வயிற்றில் பிள்ளை, எதுவும் நிறுவைத் தராசுக்குத் தெரியாது. அதுவரை பேசாதிருந்த ஒரு தாய் சொன்னார்: “அரைப்பேர் போட்டா வீட்ல எல்லாருக்கும் அரை வயிறுன்னு நெனைக்காதீங்க. புள்ளைகளுக்கு முழு வயிறு. எனக்குத்தான் ஒண்ணுமில்ல.”

எமக்குத் தெரிந்த அளவில் அந்த உவமைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை. நேரத்தையும் கிலோவையும் பார்த்துச் சம்பளத்தை அளப்பது ஒரு கணக்கு. ஒரு வீட்டின் ஒருநாள் பசியைப் பார்த்து அளப்பது வேறு கணக்கு. உவமையின் உரிமையாளர் இரண்டாவது கணக்கைப் போட்டார்.

இந்த மலைகளில் முதலாவது கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர இதே பகுதியில்தான் இருக்கிறது. சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது, 1940 ஜனவரியில், பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்த முல்லோயாவும் இங்கேதான். ஒரே மலையில் வேலை செய்த ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் மூலம் அது வந்தபோது 900 ரூபா அடிப்படைச் சம்பளமாகவும் 100 ரூபா படியாகவும் இருந்தது. மறு ஆண்டு ஏறிய விலைவாசியில் அந்த ஆயிரம் கரைந்தும் போனது.

அன்றிரவு எல்லாரும் ஒத்துப்போனார்கள் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. நன்றாகக் கொழுந்து பறிக்கும் இளம்பெண் ஒருவர் கோபத்தோடு எழுந்தார். தான் 25 கிலோ எடுப்பதாகவும், பத்துக் கிலோ எடுப்பவருக்கும் தனக்கும் ஒரே சம்பளம் என்றால் தன் முதுகு வலிக்கு என்ன மதிப்பு என்றும் கேட்டார். முன்பென்றால் நாம் பொறாமையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி அவரை உட்கார வைத்திருப்போம். நாள் முழுவதும் வெயிலில் நின்றவரின் முறைப்பாட்டைப் பொறாமை என்று தள்ளிவிடுவது, வெயிலில் நிற்காதவர்களுக்கு எளிது. உவமையைப் பார்த்தால், உரிமையாளர் முணுமுணுத்தவரைத் தோழர் என்றே அழைக்கிறார். பேசிய கூலியில் ஒரு சல்லியும் அவருக்குக் குறையவில்லை. பத்துக் கிலோ எடுப்பவருக்கு முழுப்பேர் போட்டால் உனக்கு எது குறையும் என்று அந்தப் பெண்ணிடம் அவருடைய மாமியாரே கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்தார். தம் கோபத்தை அவர் விட்டுவிட்டதாக எமக்குத் தோன்றவில்லை. விட்டிருக்க வேண்டும் என்றும் நாம் கருதவில்லை.

அதைவிடக் கடினமான கேள்வி ஒரு முதியவரிடமிருந்து வந்தது. என் பொருளை என் விருப்பப்படி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்று உரிமையாளர் கேட்கும் 15ஆம் வசனத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, “இதத்தானே எங்க தொரமாரும் காலங்காலமா சொன்னாங்க?” என்றார்.

இதைக் குழுத்தலைவர்கள் தவிர்த்துவிடாதிருப்பது நல்லது. உவமையின் அந்த ஒரு வசனத்தைப் பிரித்தெடுத்தால் அது எந்த முதலாளிக்கும் கவசமாகும். நாம் சொன்ன பதில் இரண்டு. அந்த உரிமையாளர் தம் உரிமையைக் கூடுதலாகக் கொடுக்கவே பயன்படுத்தினார், குறைப்பதற்கு அல்ல. அடுத்து, நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் அந்நியரும் தங்கிவாழ்பவருமே என்று லேவியர் 25:23 கூறுகிறது. ஆகவே கடவுளைத் தவிர வேறெவரும் ‘என்னுடையது’ என்ற சொல்லை அந்த உவமையிலிருந்து எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொள்ள முடியாது. இருவரும் சம்மதித்துப் பேசிக்கொண்ட கூலி என்பதாலேயே அது நீதியான கூலி ஆகிவிடாது என்று 1891இல் தம் சுற்றுமடலில் எழுதிய திருத்தந்தை 13ஆம் சிங்கராயர்தான், இரண்டு ஆண்டுகள் கழித்து 1893இல் அம்பிட்டியவில் பாப்பரசர் குருமடத்தை நிறுவினார். அது 1955இல் பூனாவுக்கு மாறிய பின்னர் அதே வளவில் இயங்கும் குருமடத்தில்தான் நாம் படித்தோம். அந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க எமக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

முதியவர் பாதி திருப்தியோடு இருந்தார். அப்போதுதான் அரைப்பேரைப் பற்றிப் பேசிய அந்தத் தாய் மெதுவாகக் கேட்டார்: “சாமி, நம்ம கோயில் தோட்டத்துல வேல செய்றாரே, அவருக்கு நாளுக்கு எவ்வளவு?”

எமக்கு உடனே பதில் தெரியவில்லை. தெரியாதது ஒரு வெட்கம். மறுநாள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது வந்தது மற்றொன்று. தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர் கோயில் வளவைக் கூட்டி, மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றி, இரவில் கதவையும் பூட்டுகிறார். நாளுக்கு 600 ரூபா கொடுத்துக்கொண்டிருந்தோம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்த வேண்டிய நூற்றுக்கு 12 வீதமோ, ஊழியர் நம்பிக்கை நிதிக்குரிய 3 வீதமோ ஒரு மாதமும் செலுத்தப்படவில்லை. தோட்டக் கம்பனிகளின் சம்பளத்தைப் பற்றி அதே மேசையில் இருந்துதான் இந்த ஏட்டுக்குக் கட்டுரைகள் எழுதி வந்திருக்கிறோம்.

பங்குச் சபையைக் கூட்டினோம். திருவிழாவின் பேண்ட் வாத்தியச் செலவைக் குறைத்து, அவருக்கு ஆயிரம் ரூபாவும் சேமலாப நிதியும் கொடுக்கத் தீர்மானம் வந்தது. எளிதில் வரவில்லை. அவர் செய்வது அரைநாள் வேலைதானே, நாங்கள் மலையில் நாள் முழுக்க நின்று வாங்குவதும் அதே ஆயிரம்தானே என்று சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். மத்தேயு 20:12ஐத்தான் தாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நாமும் எடுத்துச் சொல்லவில்லை. 2024 செப்டம்பரில் தோட்டங்களின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டபோது அந்தப் புத்தகத்தை மறுபடி திறக்க வேண்டி வந்தது. பேச்சும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

இதற்கிடையில் அந்த லயத்துக் குழு ரூத்தின் நூலை வாசிக்கத் தொடங்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படத் தீர்மானமான கதை தெரிந்த வீடுகளில் அந்த நூல் எப்படி வாசிக்கப்படுகிறது என்பதை வேறொரு பாடத்தில் எழுதுவோம். அதற்கு முன்னர் அவர்கள் திராட்சைத் தோட்டத்தை இன்னொரு தடவை வாசிக்கக் கேட்டார்கள். கோயில் வளவுப் பெரியவரையும் அழைத்திருந்தார்கள். அவர் வாசற்படியில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டபோது சிறிது நேரம் யோசித்தார்.

“கடைசியா வந்தவங்களுக்கு மறுநாள் வேல இருந்துச்சா சாமி?”

பிள்ளை புத்தகத்தை எடுத்து 16ஆம் வசனம் வரை விரலை வைத்துத் தேடியது. அதற்கு அப்பாலும் இரண்டு வசனங்கள் பார்த்தது. அதில் இல்லை என்றது.