மருத்துவப் பாடம்: கண்ணின் பின்னால் வரும் கொடிய நோவு



பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு நோயை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம். கிளஸ்டர் தலைவலி என்பது அதன் பெயர். ஒரு பக்கத்துக் கண்ணைச் சுற்றியும் நெற்றிப்பொட்டிலும் வரும் இந்த நோவு, மனிதருக்கு உண்டாகும் நோவுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. பிரசவ வேதனையைவிட இது பெரிது என்று பிள்ளை பெற்ற தாய்மாரே சொல்லியிருக்கிறார்கள். வேதனை தாளாமல் உயிரை விட்டுவிட நினைப்போரும் உண்டு.

நம் பேச்சில் ஒரு பக்கம் வலித்தால் எல்லாமே ‘ஒற்றைத் தலைவலி’தான். மைக்ரேனுக்கும் அதே பெயர். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார். கிளஸ்டர் நோயாளியோ படுக்கமாட்டார். அங்குமிங்கும் நடப்பார், உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவார், சுவரில் தலையை மோதுகிறவர்களும் உண்டு. வலிக்கும் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை தொங்கும். கால் மணி முதல் மூன்று மணி நேரம் வரை வாட்டிவிட்டு நின்றுவிடும். ஒரே நாளில் எட்டு முறைகூட வரலாம். பலரை இரவில் ஏறக்குறைய அதே நேரத்தில் எழுப்பிவிடும். சில வாரங்களோ மாதங்களோ இப்படி நடந்து, பிறகு நெடுநாள் காணாமற்போகும்.

ஆகவே மருத்துவர்முன் வந்து உட்காரும் வேளையில் நோயாளி பெரும்பாலும் சுகமாகவே இருக்கிறார். ஸ்கேனிலும் பெரும்பாலும் குறை தெரியாது. சைனஸ் என்று சிகிச்சை நடக்கும். நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேயார்ட் ஹார்ட்டன் 1939ஆம் ஆண்டிலேயே இதை விவரித்து எழுதியும், சரியான பெயர் கிடைக்க இன்றும் பலருக்கு வருஷங்கள் செல்கின்றன.

இதற்குரிய மருந்து ஆஸ்பத்திரிகளில் இருக்கிறதே, அதுதான் நம்மை வருத்துகிறது. சாதாரண வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்குமுன் நோவு உச்சத்துக்குப் போய்விடும். தேவைப்படுவது ஆக்ஸிஜன். லண்டனில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், நிமிஷத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிஷம் முகமூடி வழியாகக் கொடுத்தபோது 100க்கு 78 தாக்குதல்களில் நோவு நீங்கியது அல்லது போதிய அளவு தணிந்தது; வெறும் காற்றுக்கு அது 20தான். மூக்குக் குழாயில் 2 லிட்டர் விட்டுப் பார்த்துவிட்டு, பலனில்லை என்று சொல்வது நியாயமல்ல. பை இணைத்த முகமூடி வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு மட்டும் எச்சரிக்கையோடு கொடுக்கவேண்டும். சுமாட்ரிப்டான் 6 மில்லிகிராம் ஊசியும் விரைவாகக் கேட்கும், இருதய நோயாளிகளுக்கு அது ஆகாது. மறுபடியும் வராமல் தடுக்க வெராப்பமில் மாத்திரை உண்டு. இசிஜி பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள்.

உங்கள் வீட்டிலோ சபையிலோ இப்படி அவதிப்படுகிறவர் இருந்தால், ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நின்றது, எந்தக் கண், நீர் வடிந்ததா, படுக்க முடிந்ததா. அவர் அனுமதித்தால் ஒரு தாக்குதலைச் செல்போனில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கம் பக்கமாய் விவரிப்பதைவிட அந்த இரண்டு நிமிஷப் படம் மருத்துவருக்கு உதவும். நோவு வரும் வாரங்களில் மது ஒரு வாய்கூட வேண்டாம், அது தாக்குதலை இழுத்து வரும். வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்தால், அந்த அறையில் பீடி, சிகரெட், மெழுகுவர்த்தி எதுவும் கூடாது.