கண்மாய்க்கு வரும் ஆலாப் பக்ஷி: இனமறியும் முறை

கொடைரோடு கடற்கரைக்கு வெகுதூரத்திலுள்ள ஊர். ஆயினும், கடற்காகத்திற்கு உறவான ஆலா என்னும் பக்ஷியை அதனைச் சூழ்ந்த சமவெளியில், ஜலம் நிறைந்த கண்மாய்களிலும் நெல்வயல்களிலும் காணக்கூடும். வெண்ணிறப் பக்ஷி யாவும் மீனைத் தின்று தீர்ப்பனவே எனக் கருதிக் கல்லெறிவது தவறாகும். இன்னது இன்னதை உண்கிறதென அறிந்த பின்னரே நன்மை தீமை கூறவேண்டும்.

கொக்கும் ஆலாவும்.— கொக்கு பறக்கையில் கழுத்தை மடக்கி, நீண்ட கால்களைப் பின்னே நீட்டும். ஆலாவின் கால்கள் மிகக் குட்டையானவை. சிறகுகள் நீண்டு கூரியவை.

மீசை ஆலா.— நீளம் சுமார் 10 அங்குலம். மைனாவைவிடச் சற்றே பெரியது. மழைக்காலத்தில் காஷ்மீரத்திலும் கங்கைச் சமவெளியிலும் நீர்ப்பூண்டுகளின்மேல் கூடுகட்டும். ஐப்பசி முதல் பங்குனி வரை தெற்கே தங்கும். அப்பொழுது மேற்புறம் வெளிர்சாம்பல், அடிப்புறம் வெண்மை, அலகு கருமை. கண்ணிலிருந்து பிடரிவரை ஒரு கருங்கோடு உண்டு. வால் சிறிதே பிளவுபட்டது.

ஆற்று ஆலா.— நீளம் 15 முதல் 17 அங்குலம். மஞ்சள் அலகும், சிவந்த கால்களும், ஆழப் பிளந்த வாலும் இதன் அடையாளங்கள்.

கவனிக்கும் முறை.— காலையில் சூரியன் முதுகுப்புறமிருக்கக் கரையில் அசையாது அமர்க. நிறத்தைவிட இரை எடுக்கும் விதமே நல்ல சாட்சி. மீசை ஆலா அலகைக் கீழ்நோக்கித் தாழப் பறந்து, பெரும்பாலும் மூழ்காமலே இரையைக் கொத்திச் செல்லும். ஆற்று ஆலா மேலிருந்து ஜலத்தில் பாய்ந்து மீன் பிடிக்கும். பள்ளிப் பிள்ளைகள் தேதி, இடம், எண்ணிக்கை, இரை எடுத்த விதம் ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்திற் குறித்து வருதல் நலம்.

குடியானவர் கவனத்திற்கு.— மீசை ஆலா சிறுமீனுடன் வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளையும் உண்பதால், நெல்வயலின்மேல் அது சுற்றுதல் பயிருக்கு நன்மையே. பூச்சிமருந்தை அளவின்றித் தெளித்தால் அதன் இரை அழியும். ஆற்று ஆலாவுக்கு மீனே பிரதான உணவு. எனினும் அதன் நிலை இரங்கத்தக்கது. கோடையில் ஆற்று மணல்திட்டில் வெறுங்குழியிலே முட்டையிடுகிறது. மணல் அள்ளுவதாலும், ஆடுமாடுகள் மிதிப்பதாலும், நாய்களாலும் அவை அழிகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய பக்ஷிகளுக்குக் காவலாக உள்ளது. மணலில் நடக்கையில் ஆலா தலைக்குமேல் கூவிச் சுற்றினால், முட்டையோ குஞ்சோ அருகிலுள்ளதென அறிந்து, பார்த்து அடிவைத்து வந்தவழியே திரும்புதல் வேண்டும்.