பிரதிப்பெயர்க் கட்டமும் அதன் பின்னால் உள்ள பதிவேடுகளும்

அன்புள்ள தங்கைக்கு,

மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் சேர்ந்த கையோடு உன்னிடம் ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஊழியர்களின் அலுவலகக் கணக்கில் பெயருக்குப் பக்கத்தில் ‘ஷி / ஹர்’, ‘ஹி / ஹிம்’, ‘தே / தெம்’ என்று பிரதிப்பெயரைக் காட்டும் வசதியைத் திறந்துவிடலாமா? திறந்தால் எல்லோரும் அதை நிரப்பியாக வேண்டும் என்று சுற்றறிக்கை விடலாமா?

வசதியைத் திறந்துவை. நிரப்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதே.

இது நேற்று முளைத்த வழக்கம் அல்ல. லிங்க்ட்இன், ஜூம் இரண்டும் 2021-லேயே இதற்குத் தனி இடம் ஒதுக்கிவிட்டன. லிங்க்ட்இன்னில் அதை எல்லா உறுப்பினருக்கும் காட்டலாம், தன் தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம், வெறுமையாகவும் விடலாம். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் இந்த வசதி முதலில் மூடியே இருக்கும். நிறுவனத்தின் கணினி நிர்வாகி திறந்தால்தான் வரும். திறந்த பிறகும் நிரப்புவது ஊழியரின் விருப்பம். அதாவது, மென்பொருளைச் செய்தவர்களே இதைக் கட்டாயமாக்கவில்லை.

திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் மட்டுமே இது தேவை என்று நினைத்துவிடக் கூடாது. மணி, தங்கம், கீர்த்தி, ஜோதி, கிரண் என்ற பெயர்களை வைத்து ஆணா பெண்ணா என்று நம் ஊர்க்காரருக்கே சொல்ல வராது. டெக்சாஸில் இருக்கும் வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? 2023-ல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் விடுதிப் பொறுப்பாளர்கள் இருவர் வேலை இழந்தார்கள். மின்னஞ்சல் கையொப்பத்திலிருந்து பிரதிப்பெயரை நீக்க மறுத்ததும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. தங்கள் பெயர்கள் வழக்கத்தில் அதிகம் இல்லாதவை, கடிதம் எழுதுகிறவர்கள் பாலினத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள், அதனால்தான் போட்டோம் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஒரு சின்ன வரிக்குப் போட்ட தடை இரண்டு பேரின் பிழைப்பைப் பறித்துக்கொண்டு போனது.

அரசே தடுத்ததும் உண்டு. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பாலினம் குறித்துப் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, 29-ஆம் தேதி அமெரிக்க மத்தியப் பணியாளர் அலுவலகம் எல்லாத் துறைகளுக்கும் குறிப்பு அனுப்பியது. அவுட்லுக் போன்ற மின்னஞ்சல்களில் பிரதிப்பெயரைக் கேட்கும் வசதியை 31-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்றது அது. பல துறைகளில் ஊழியர்கள் தங்கள் கையொப்பத்திலிருந்தே அதை அழிக்க வேண்டியதாயிற்று. தன்னை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஒருவர் எழுதிக்கொள்வதை அலுவலகம் அழிக்கச் சொல்வது அத்துமீறல். என் தீர்ப்பு இதில் ஐயமில்லாதது.

ஆனால் கட்டாயப்படுத்துவதும் அதே அளவு அத்துமீறல்தான். தான் யார் என்று வீட்டிலேயே இன்னும் சொல்லாத ஒரு பையனை எண்ணிப் பார். காலக்கெடு வைத்து நிரப்பச் சொன்னால் அவனுக்கு இரண்டே வழி: பொய் எழுத வேண்டும், அல்லது நூறு பேர் பார்க்கும் திரையில் தன்னை வெளிப்படுத்த வேண்டும். இரண்டில் எதற்கும் அவனைத் தள்ள உனக்கு அதிகாரம் கிடையாது. ‘இன்னும் நிரப்பாதவர்கள்’ என்று பட்டியல் போட்டு நினைவூட்டல் அனுப்பும் பழக்கம் நம் அலுவலகங்களில் எல்லாவற்றுக்கும் உண்டு. இதற்கு வேண்டவே வேண்டாம்.

இனி முக்கியமான சங்கதி. திரையில் ஒரு கட்டம் திறப்பது அரை நாள் வேலை. அதன் பின்னால் இருக்கும் பதிவேடுகள்தான் ஆளை வதைக்கும். ஒரு திருநங்கை தன் பெயரை மாற்றிக்கொண்டு வேலைக்கு வருகிறார். பக்கத்து இருக்கைக்காரர்கள் புதுப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் வருகைப் பதிவில் பழைய பெயர், கழுத்தில் தொங்கும் அட்டையில் பழைய படம், குழு மருத்துவக் காப்பீட்டில் பழைய பாலினம். மின்னஞ்சல் முகவரியில் முதல் நாலு எழுத்து பழையது என்றால் ஒவ்வொரு கடிதமும் அவரைக் காட்டிக்கொடுக்கும். பி.எஃப். கணக்கில் பெயர் மாற ஆதாரில் மாறியிருக்க வேண்டும். அது உன் கையில் இல்லை. மின்னஞ்சல், அடையாள அட்டை, கூட்டத்தில் திரையில் தெரியும் பெயர் மூன்றும் உன் கையில்தான் இருக்கின்றன. அவற்றை முதலில் மாற்று. பழைய பெயரைச் சம்பளப் பிரிவில் தேவையானவர் மட்டும் பார்க்கும்படி செய்.

இது கருணை காட்டும் விஷயம் அல்ல. 2019-ல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனங்கள் புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றது. 2020-ல் வந்த விதிகள், சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும், ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் என்றன. சட்டங்கள் திருத்தப்படும், நடப்பு வாசகத்தை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள். தமிழில் சுற்றறிக்கை எழுதும்போது வாய்க்கு வந்த சொல்லைப் போடாதே. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொள்.

வாசலில் நிற்கும் காவலாளியை மறந்துவிடாதே. சேலை கட்டி வருபவரைப் பார்த்து அவர் “என்ன சார்?” என்று கேட்டுவிட்டால் உன் மென்பொருள் அங்கே எதுவும் செய்யாது. தமிழில் ‘அவர்’ என்றால் யாருக்கும் பொருந்தும். சிக்கல் ‘சார்’, ‘மேடம்’ இரண்டிலும்தான். காவலாளி, கேண்டீன்காரர், வண்டி ஓட்டுநர் ஆகியோரை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசு. தெரியாமல் சொல்பவரைத் திட்டினால் அடுத்த முறை அவர் பேசவே மாட்டார்.

அலுவலகத்துக்கு வெளியே நடப்பதையும் பார். கொச்சி மெட்ரோ 2017-ல் இருபதுக்கும் மேற்பட்ட திருநர்களை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. சில நாட்களிலேயே அவர்களில் பலர் விலகினார்கள். வாடகைக்கு வீடு தர ஆள் இல்லை என்பதே பெரிய காரணம். வேலை கிடைத்தும் இரவு தங்க இடம் இல்லை.

அதனால் திங்கட்கிழமை அலுவலகம் போனதும் மேலாளரிடம் இரண்டு விஷயம் கேள்: நம் நிறுவனத்தில் புகார் அலுவலர் யார்? வெளியூரிலிருந்து வரும் திருநர் ஊழியருக்குத் தங்க இடம் பார்த்துத் தர ஏற்பாடு உண்டா? இரண்டுக்கும் பதில் வாங்கிய பிறகு பிரதிப்பெயர் வசதியைத் திற.

அன்புடன்,
உன் அக்கா